தட்டு ஒன்று, யந்திரம் இரண்டு

சங்கீதத்தில் பற்றுடைய பலருடைய வீடுகளில் இந்த அனுபவம் நிகழ்ந்திருக்கும். பல வருஷங்களாகப் பாடிக்கொண்டிருந்த சாதாரண சி.டி. பிளேயரை எடுத்துவிட்டு, அதைப்போல் பல மடங்கு விலையும் எடையும் உள்ள உயர்ரக யந்திரம் ஒன்றை அந்த இடத்தில் வைத்து, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், உட்காரும் நாற்காலி ஆகிய எதையும் மாற்றாமல், நெடுநாள் கேட்டுப் பழகிய ஒரு வீணைக் கச்சேரித் தட்டை அதில் இட்டுக் கேட்கிறார்கள். மீட்டின் நாதம் முன்பைவிடச் சற்று அதிகமாக நின்று தேய்வதுபோல் தோன்றுகிறது. தம்புராவின் சுருதி பின்னால் நன்றாகப் பரவி நிற்கிறது. மிருதங்கத்தின் கும்கி தரையோடு வந்து காலில் சேர்கிறது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் இடையேயுள்ள வெளிகூடத் துலங்கக் கேட்கிறது. இப்படிச் சொல்கிறவர்கள் மிகைப்படுத்தவில்லை. தாம் கேட்டதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் இதில் ஒரு புதிர் இருக்கிறது. பழைய இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளமே ஒலியின் உருவமாக இருந்தபடியால், ஊசி எத்தனை நயமானதோ அத்தனை நயம் ஒலிக்கும் உண்டு என்பது எளிதில் விளங்குகிறது. குறுந்தகட்டிலோ இருப்பவை எண்கள். ஐந்து என்ற எண்ணை மலிவான யந்திரம் ஐந்து என்றுதான் வாசிக்கும். விலையுயர்ந்த யந்திரமும் ஐந்து என்றுதான் வாசிக்கும். அப்படியிருக்க, வாசித்த எண்கள் ஒன்றாக இருந்தும் கேட்ட இசை வேறாகத் தோன்றுவது எங்ஙனம்? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், தட்டிலிருந்து தொடங்கி நம் செவி வரைக்கும், செவியைத் தாண்டி மனம் வரைக்கும், ஒவ்வொரு படியாக நடந்து பார்க்க வேண்டும்.

12 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்தத் தட்டுக்குள், மையத்தில் தொடங்கி விளிம்பை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே ஒரு தடம் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு நடுவே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளிதான்; ஒரு மில்லிமீட்டருக்குள் அறுநூறு சுற்றுகளுக்கு மேல் அடங்கும் நெருக்கம் அது. சுருளை நீட்டி விரித்தால் 5 கிலோமீட்டருக்கு மேல் போகும். தடம் நெடுகிலும் நுண்ணிய குழிகள். 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு லேசர்க் கதிர் அவற்றின்மேல் விழுந்து திரும்பும்போது, குழி வந்த இடத்தில் ஒளி மங்குகிறது, சமதளம் வந்த இடத்தில் பிரகாசிக்கிறது. குழி என்றால் 1 என்றும் சமதளம் என்றால் 0 என்றும் பலர் எண்ணுகிறார்கள்; உண்மையில் குழி தொடங்கும் விளிம்பும் அது முடியும் விளிம்புமே 1, இடைப்பட்டவை யாவும் 0.

இவ்வளவு சிறிய குழிகளை ஒரு துகள் தூசியோ விரல் ரேகையோ மறைத்துவிடாதா என்று கேட்கலாம். மறைக்கத்தான் செய்கிறது, ஒவ்வொரு தட்டிலும், ஒவ்வொரு நிமிஷமும். இதை முன்கூட்டியே எதிர்பார்த்து, தடத்தில் பொறிக்கும் குறிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மட்டும் சங்கீதத்துக்கு ஒதுக்கி, மற்றவற்றை அந்தச் சங்கீதத்தைச் சரியாக வாசிப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் செலவிட்டிருக்கிறார்கள். 1960ஆம் ஆண்டில் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்னும் இரண்டு அமெரிக்கர்கள் வகுத்த கணித முறை இதற்கு ஆதாரம். அடுத்தடுத்து ஒலிக்க வேண்டிய எண்களைத் தட்டில் அடுத்தடுத்து எழுதாமல் தூரதூரமாகப் பிரித்து எழுதுவதால், ஒரு கீறல் ஓரிடத்தில் மொத்தமாகச் செய்யும் சேதம், திரும்பக் கோக்கும்போது பல இடங்களில் சிதறிய சிறுசிறு குறைகளாக மாறிவிடுகிறது; அந்தக் குறைகளைச் சரிபார்ப்பு எண்களைக் கொண்டு கணக்கிட்டு நிரப்பிவிடலாம். இதைப் பிழைதிருத்தம் என்று சொல்லலாம். தடத்தின் நீளவாக்கில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அடியோடு அழிந்துபோனாலும், அழிந்த எண்கள் ஒன்றுகூடத் தவறாமல் மீட்கப்படுகின்றன. மீட்பது என்பதற்கு இங்கே ஏறக்குறைய என்ற பொருள் கிடையாது. அசலில் இருந்த அதே எண்தான்.

இதை எப்படி நிச்சயமாகச் சொல்கிறோம்? ஒரு தட்டைக் கணினியில் இட்டு அதன் எண்களையெல்லாம் பிரதி எடுத்து, இன்னொரு வீட்டில் இன்னொரு கருவி எடுத்த பிரதியோடு எண்ணுக்கு எண் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தட்டு மோசமாகச் சேதப்பட்டிராவிட்டால் கோடிக்கணக்கான எண்களில் ஒன்றுகூட மாறுபடுவதில்லை. மலிவான கருவிகளே இந்தக் காரியத்தைக் குறையின்றிச் செய்கின்றன.

தட்டு சுழலும் வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மையத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 500 சுற்று, விளிம்பில் சுமார் 200 என்று வேகம் மாறிக்கொண்டே போகிறது; அதில் சிறு தள்ளாட்டமும் உண்டு. ஆனால் வாசித்த எண்கள் நேராக இசையாவதில்லை. அவை முதலில் ஒரு சிறிய நினைவகத்தில் வந்து தங்குகின்றன. அங்கிருந்து குவார்ட்ஸ் படிகம் ஒன்றின் துடிப்புக்கு இசைய, ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறுகின்றன. ஆகையால் சுழற்சியின் தள்ளாட்டம் நினைவகத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. ஜப்பானின் டியாக் நிறுவனம் 1987ல் எசோடெரிக் என்ற பெயரில் தொடங்கிய உயர்ரக வரிசையில், தட்டின் அகலமே உள்ள உலோகச் சுழல்மேடையோடு தட்டை இறுக அழுத்திப் பிடித்துச் சுழற்றும் அமைப்பைக் கையாண்டார்கள். யந்திர வேலைப்பாடு என்ற வகையில் அது வியக்கத்தக்கது, நெடுங்காலம் உழைக்கக்கூடியது. ஆனால் நல்ல நிலையிலுள்ள தட்டிலிருந்து அது எடுத்துத் தரும் எண்கள், எளிய யந்திரம் எடுத்துத் தரும் எண்களேதாம்.

எனவே வித்தியாசம் ஏதேனும் இருந்தால் அது எண் மின்னழுத்தமாக மாறும் இடத்திலும் அதற்கு அப்பாலும்தான் இருக்க வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யும் சில்லை எண்மாற்றி என்று அழைப்போம். ஒலி அலையின் உயரத்தை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளில் ஒன்றாக, அதாவது 16 பிட் எண்ணாக, குறித்திருக்கிறார்கள். 44,100 என்ற விசித்திரமான எண் வந்த வழி சுவையானது: அக்காலத்தில் எண் வடிவ ஒலியைச் சேமிக்க வீடியோப் பதிவுக் கருவிகளே கிடைத்தன; அவற்றின் படத்தில் நொடிக்கு 60 புலம், புலத்துக்கு 245 வரி, வரிக்கு மூன்று அளவு என்று எழுதினார்கள்; மூன்றையும் பெருக்கினால் இந்த எண் வருகிறது.

இங்கேதான் ரசிகர்களுக்கு ஒரு நியாயமான சந்தேகம் எழுகிறது. ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே ஒலியில் என்ன நடந்தது என்பது எங்கும் எழுதப்படவில்லையே, அந்த நுட்பமெல்லாம் தொலைந்ததுதானே? புள்ளி வைத்து இழை இழுக்கும் கோலத்தைக் கொண்டு இதைச் சிந்திக்கலாம். புள்ளிகள் மட்டும் இருந்தால் அவற்றினூடே இழையை எத்தனை விதமாகவும் வளைக்கலாம் என்பது மெய்யே. ஆனால் புள்ளிகளின் இடைவெளி தாங்காத அளவுக்கு நெருக்கமான நெளிவு எதுவும் இழையில் இருக்கக்கூடாது என்று ஒரு நியமத்தை விதித்துவிட்டால், எல்லாப் புள்ளிகளையும் தொட்டுச் செல்லக்கூடிய இழை ஒன்றே ஒன்றுதான். வேறு இழை இருக்க முடியாது. ஆகவே புள்ளிகளை மட்டும் கையில் கொடுத்தாலும் முழுக் கோலத்தையும் பிசகின்றி மீண்டும் இட்டுவிடலாம். ஒலியில் இந்த நியமம், 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகளை முன்னதாகவே வடிகட்டி நீக்கிவிடுவது. மனிதச் செவியின் எல்லை, அதுவும் இளம் வயதில், சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அந்த எல்லைக்கு உட்பட்ட எந்த ஒலியும் அளவுகளுக்கு நடுவே தொலைவதில்லை. நைக்விஸ்ட் 1928லும், ரஷ்யாவின் கொட்டெல்னிகோவ் 1933லும், ஷானன் 1949லும் எழுதிய ஆய்வுகள் இந்த உண்மையை நிலைநாட்டின. எண்மாற்றியின் முடிவில் இருக்கும் வடிகட்டிதான் அந்த ஒரே இழையை இழுத்துத் தருகிறது. படிக்கட்டுப் போன்ற வடிவம் ஸ்பீக்கருக்கு ஒருபோதும் போய்ச் சேர்வதில்லை.

இன்னொரு சந்தேகம், தேய்ந்து அடங்கும் நாதத்தைப் பற்றியது. வீணையின் மீட்டு மெல்லமெல்லத் தாழ்ந்து மிகச் சிறிய அளவுக்கு வரும்போது, அதைக் குறிக்க எஞ்சியிருப்பவை இரண்டு மூன்று படிகளே. அப்போது ஒலி கரகரத்து ஒடிந்து போகாதா? ஒன்றும் செய்யாவிட்டால் அப்படித்தான் ஆகும். ஆனால் அளவெடுக்கும் முன்பு ஒலியோடு ஒரு படி உயரத்துக்கு ஒத்த மெல்லிய இரைச்சலை வேண்டுமென்றே கலந்துவிட்டால், அந்தக் கரகரப்பு முற்றிலும் நீங்கி, மாறாத, மிகத் தாழ்ந்த ஒரு சீரான இரைச்சல் மட்டும் எஞ்சுகிறது. நாதம் அந்த இரைச்சலுக்கும் கீழே இறங்கி இயல்பாகத் தேய்ந்து மறைகிறது. குறையை நீக்கக் குறை ஒன்றைச் சேர்ப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிப்ஷிட்ஸும் வாண்டர்கூயும் 1980களில் இதன் கணிதத்தை ஐயத்துக்கு இடமின்றி விளக்கினார்கள். உரத்த ஒலிக்கும் இந்த அடி இரைச்சலுக்கும் உள்ள தூரம் 90 டெசிபலுக்கு மேல். எந்த வீட்டுக் கூடத்திலும் மின்விசிறியின் சப்தமே அந்த இரைச்சலை முழுதாக மூடிவிடும்.

தத்துவம் குறைவற்றது என்றால் யந்திரங்களும் தொடக்கம் முதலே குறைவற்று இருந்தன என்று பொருளல்ல. 1982 அக்டோபர் முதல் தேதியன்று ஜப்பானில் 1,68,000 யென் விலைக்கு வெளிவந்த சோனியின் சி.டி.பி.101, வலது காதுக்கும் இடது காதுக்கும் ஒரே எண்மாற்றியை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது. அதனால் ஒரு பக்கம் மற்றொன்றைவிட ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிந்தி வந்தது. செங்குத்தான வடிகட்டி வேலையை முழுதும் மின்சுற்றுகளிடமே விட்டிருந்தார்கள். ஹாலந்தின் பிலிப்ஸ் பொறியாளர்கள் வேறு வழியில் போனார்கள்: அவர்கள் கையில் இருந்தது 14 பிட் எண்மாற்றிதான்; ஆனால் எண்களுக்கு நடுவே கணக்கிட்ட எண்களைச் செருகி நொடிக்கு 1,76,400 ஆக்கி, பிழையைச் செவிக்கு எட்டாத உயரங்களுக்குத் தள்ளிவிட்டு, 16 பிட்டுக்கு ஒப்பான துல்லியத்தை அதிலிருந்து பெற்றார்கள். வடிகட்டியும் அதனால் எளிதாயிற்று. அந்த யுக்தி இன்று ஏறக்குறைய எல்லா யந்திரங்களிலும், மிக மலிவானவற்றிலும், குடிபுகுந்துவிட்டது.

உயர்ரக யந்திரங்களைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி காதில் விழும் ஜிட்டர் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பு ஓரோர் சமயம் இம்மியளவு முந்தியும் பிந்தியும் விழுவதால் நேரும் காலத் தடுமாற்றம் அது. தடுமாற்றத்தைச் செயற்கையாகக் கூட்டிக் கூட்டி மனிதர்களைக் கேட்கச் செய்து, எந்த அளவில் செவிக்குப் புலனாகிறது என்று டால்பி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பெஞ்சமின், கானன் இருவரும் 1998ல் பரீட்சித்தார்கள். இசையில் அது புலப்படப் பத்துக்கணக்கான நானோ நொடிகள் வேண்டியிருந்தன. ஒழுங்காகச் செய்த யந்திரத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு நானோ நொடிக்கும் குறைவு.

அப்படியானால் வீணையின் நாதம் நீண்டு நின்றதாகக் கேட்டது என்ன? நண்பர் ஒருவருடைய இல்லத்தில் இதை ஆராய்ந்து பார்த்தோம். 400 ஹெர்ட்ஸ் சுருதியைச் சீராக ஒலிக்கும் பரிசோதனைத் தட்டை இரண்டு யந்திரங்களிலும் மாற்றி மாற்றி இட்டு, வெளிவரும் மின்னழுத்தத்தை அளந்தபோது, பழைய யந்திரம் 2 வோல்ட் காட்டியது, புதியது 2.2 வோல்ட் காட்டியது. வித்தியாசம் 0.8 டெசிபல். இவ்வளவு சிறிய ஏற்றத்தைச் செவி உரப்பு என்று அறிந்துகொள்வதில்லை. நாதம் நிறைந்திருக்கிறது, வாத்தியம் அருகில் வந்திருக்கிறது, அடிநாதம் கனத்திருக்கிறது என்று குணமாகவே அறிகிறது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே காட்டியபடி, ஒலியின் அளவு ஏற ஏறத் தாழ்ந்த சுருதிகள் செவிக்கு மற்றவற்றைவிட வேகமாக உரக்கின்றன. மிருதங்கத்தின் கும்கி தரையோடு வந்ததற்கும் மறையும் நாதம் இன்னும் ஒரு கணம் கேட்டதற்கும் இந்த ஏற்றமே காரணமாக இருக்கலாம்.

ஆம்ப்ளிஃபயரில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியே அளவைத் திருத்திக்கொள்ளும் வசதி இருந்தபடியால், இரண்டையும் சமப்படுத்தினோம். அதே வீணைத் தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு யந்திரங்களிலும் இட்டு ஒரே கணத்தில் ஓடவிட்டு, யந்திரங்களைத் துணியால் மறைத்து, நண்பரின் மகள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து இணைப்பை மாற்ற, நாங்கள் எழுதினோம். சற்று முன்பு ஐயமின்றித் துலங்கிய வித்தியாசம் மறைந்துவிட்டது. எங்கள் விடைகளுக்கும் அவள் குறித்துவைத்திருந்த பட்டியலுக்கும் சம்பந்தம் இருக்கவில்லை. நண்பர் நெடுநேரம் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேர் ஒரு மாலையில் செய்தது பிரமாணமாகாது. ஆனால் இதையே முறையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கேட்பவருக்கும் தெரியாமல், சோதனையை நடத்துபவருக்கும் தெரியாமல், எது ஒலிக்கிறது என்பதை மறைத்து நடத்தும் இந்த முறையை இருபுற மறைவுச் சோதனை எனலாம். ஒலிக்கருவிகளை இவ்விதம் ஒப்பிட உதவும் ஒரு கருவியை டேவிட் கிளார்க் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1982ல் விவரித்தார். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, பாஸ்டன் நகரத்து ஒலி ஆர்வலர்களான மேயரும் மோரனும் 2007ல் வெளியிட்ட சோதனை. குறுந்தகட்டைவிட நுட்பமான எஸ்.ஏ.சி.டி. தட்டின் இசையை அப்படியே ஒரு வழியிலும், அதே இசையைக் குறுந்தகட்டின் 44,100, 16 பிட் அளவுகளுக்குள் ஒருமுறை புகுத்தி வெளியே எடுத்து மற்றொரு வழியிலும் ஒலிக்கச் செய்து, ஒலிப்பதிவுப் பொறியாளர்கள், மாணவர்கள், ரசிகர்கள் எனப் பலதரப்பட்டவர்களைக் கேட்கச் செய்தார்கள். அளவுகள் இரண்டும் 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்தப்பட்டிருந்தன. 554 தடவைகளில் சரியான விடை 276. ஒன்றுமே கேளாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாலும் 277 சரியாக வந்திருக்கும். ஒலியை வழக்கத்துக்கு மிக மேலாகக் கூட்டிவைத்து, இசை நின்ற மௌனத்தில் காதை வைத்தபோது மட்டும் குறுந்தகட்டின் அடி இரைச்சல் பிடிபட்டது.

இத்தகைய சோதனை, வித்தியாசம் எங்கும் எவர்க்கும் இல்லை என்று சாதிப்பதில்லை. அந்த அறைகளில், அந்தக் கருவிகளில், அந்தச் செவிகளுக்கு எட்டவில்லை என்றுதான் சொல்கிறது. ஆனாலும் இசையைக் குறுந்தகட்டின் அளவுகளுக்குள் புகுத்தி எடுக்கும் யந்திரம் ஒன்றையே நடுவே வைத்தும் எட்டாத வித்தியாசம், நன்றாகச் செய்த இரண்டு யந்திரங்களுக்கு நடுவே மட்டும் பளிச்சென்று எட்டுகிறது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவரைச் சேர்ந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

மனத்தின் பங்கு இதில் எவ்வளவு பெரியது என்பதை 1994ல் ஹார்மன் நிறுவனத்தின் டூலும் ஆலிவும் காட்டினார்கள். நாற்பது பேர் நான்கு ஸ்பீக்கர்களைக் கண்ணால் கண்டும், திரைக்குப் பின்னால் வைத்தும் கேட்டு மதிப்பெண் இட்டார்கள். கண்டு கேட்டபோது மதிப்பெண்கள் மாறின. அதுமட்டுமல்லாமல், ஸ்பீக்கரை இடம் மாற்றி வைத்ததால் உண்மையாகவே ஒலியில் நேர்ந்த மாறுதலைக்கூட அவர்கள் சரிவரக் கவனிக்கவில்லை. கண் அறிந்தது காதின் உணர்வை மூடிவிட்டது. இது ஏமாளித்தனமாகாது. கண்ணும் காதும் ஞாபகமும் சேர்ந்தே ஓர் அனுபவத்தை உண்டாக்குவது மனித மூளையின் சுபாவம்; தேர்ந்த பொறியாளருக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை.

மெய்யான வித்தியாசமுள்ள யந்திரங்களும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயமாகும். சில உயர்ரக யந்திரங்களில், எண்களை இடைச்செருகாமலும் வடிகட்டாமலும் அப்படியே மாற்றி விடுகிறார்கள். கணக்கின்படியே அவற்றில் 20,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலி 3 டெசிபலுக்குச் சற்று அதிகமாகவே தாழ்ந்துவிடும்; கேட்பதற்கு மென்மையாகவும் இதமாகவும் இருக்கலாம். வால்வுகளை வெளிவாயிலில் வைத்த யந்திரங்கள் தமக்கே உரிய திரிபைச் சேர்க்கின்றன. இவற்றை விரும்புகிறவர் விரும்பட்டும்; ஆனால் அங்கே கேட்பது தட்டிலிருந்து அதிகமாக எடுத்த இசையன்று, தட்டில் இல்லாத ஒரு வர்ணம்.

ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் சான்டெக் சி.டி.12 என்ற யந்திரத்தைச் சுமார் 12,000 பவுண்டு விலைக்கு விற்றது; அதே நிறுவனம் 2009ன் முடிவோடு சி.டி. பிளேயர் செய்வதையே நிறுத்திக்கொண்டது. அப்படிப்பட்ட யந்திரத்தின் உலோக உடலையும், ஓசையின்றித் திறந்து மூடும் நயத்தையும் நேசித்து வாங்குவதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் இசைக்காக வாங்குகிறவர் அறிய வேண்டியது, சாதாரண பிளேயர் ஒன்று செவிக்கு எட்டும் சுருதிகள் அனைத்தையும் அரை டெசிபல் கூட ஏறாமல் இறங்காமல் தரும்போது, அதே வீட்டில் சுவர்களின் எதிரொலியால் தாழ்ந்த சுருதிகள் இடத்துக்கு இடம் 10 டெசிபலுக்கு மேலும் ஏறி இறங்குகின்றன என்பது. நாற்காலியை அரை மீட்டர் பின்னால் தள்ளிப் போட்டால் கும்கி மாறுவதைக் காசு செலவின்றிக் கேட்கலாம். ஸ்பீக்கருக்கும் அறைக்கும் இடும் கவனமே கேட்பவருக்குப் பயன் தரும்.

உயர்ரக யந்திரம் வாங்க நினைக்கும் வாசகர்கள் விற்பனையாளரிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்க வேண்டும்: இரண்டு யந்திரங்களின் அளவையும் வோல்ட்மீட்டர் கொண்டு சமப்படுத்தி, எது ஒலிக்கிறது என்று தெரியாமல் மறைத்துக் கேட்கச் செய்யுங்கள். அதற்கு அவர் இசையாவிட்டால், வீட்டுக்கு எடுத்துச்சென்று சில நாள் வைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். அளவைச் சமப்படுத்தி மறைத்துக் கேட்ட பிறகும் வித்தியாசம் தெரிந்தால் தாராளமாக வாங்கலாம்.